மாதேஷின் காலில் பாதிப் புலி

போன வாரம் நிவேதா போன் செய்தாள். தர்மபுரியில் நான் வேலை பார்த்த டாட்டூ கடையில் இப்போது என் நாற்காலியில் உட்காருபவள் அவள்தான்.

"அக்கா, ஒருத்தரு வந்திருக்காரு. எனக்கு ஏடிஹெச்டி இருக்குது, ரொம்ப நேரம் ஒரே எடத்துல உக்கார முடியாது, ஆனா கை முழுக்க டாட்டூ வேணுங்கறாரு. எடுக்கலாமா வேண்டாமாக்கா?"

"அவரே சொன்னாரா?"

"அவரேதான். இப்பல்லாம் ரீல்ஸ் பாத்துட்டு நெறைய பேரு சொல்றாங்க. போன மாசம் ஒரு பொண்ணு, டாக்டரப் பாத்து மாத்திரையே சாப்படறேன்னு சொல்லுச்சு. நீங்க இருந்தப்ப இந்த மாதிரி ஆளுங்கள என்ன பண்ணுவீங்க?"

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் வேலையில் இருந்தபோது அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரும் வந்ததில்லை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் வந்தார்கள். அவர்களை ஊரில் அரைகுறை என்பார்கள், பொறுப்பில்லாதவன் என்பார்கள், கால் தரிக்காதவள் என்பார்கள். கவனம் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் உள்ள ஒரு தன்மை என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதைத் தெரியவைத்தவர் மாதேஷ். அவருடைய புலியைப் பற்றி எழுதினாலே நிவேதாவுக்குப் பதில் கிடைத்துவிடும்.

எனக்கு இன்னும் முப்பத்தைந்து வயதாகவில்லை. ரிட்டயர்டு என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் அதிர்கிற மெஷினைப் பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டு நரம்பு கெட்டுவிட்டது. இனி பிடித்தால் விரல் மரத்துப்போகும் என்று மருத்துவர் சொன்ன அன்று கையுறையைக் கழற்றியவள்தான். இப்போது வீட்டிலிருந்தே கடைகளுக்கு டிசைன் வரைந்து கொடுக்கிறேன். பேனாவுக்கு அதிர்வு இல்லை.

நான் சித்தேரி மலைக்காரி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் சாமை, ராகி விதைத்தவர்கள். கீழே விடுதியில் தங்கிப் படித்தேன், கல்லூரியில் தாவரவியல் முடித்தேன். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் முதுகு நிமிரும். ரெக்கார்டு நோட்டில் தண்டின் குறுக்குவெட்டு வரைந்தால் வகுப்பே வாங்கிப் பார்க்கும். அந்தக் கைதான் என்னை ஸ்டெல்லா அக்காவின் கடைக்குக் கொண்டுபோய் விட்டது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், தையல்கடைக்கு மேலே மாடி. வாழைப்பழத் தோலிலும் ரப்பர் ஷீட்டிலும் குத்திப் பழகினேன், பிறகு என் தொடையிலேயே ஒரு இலை. பழகிய காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

"பன்னெண்டும் படிச்சு, அதுக்கு மேலயும் படிச்சு, ஊசி குத்தற வேலையா?" என்று பெரியப்பா கேட்டார்.

"ஆஸ்பத்திரியில குத்துனா மட்டும் பெருமையா?" என்றேன்.

அப்பா அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டார். மலைக்கு வருகிறவர்கள் போகிறவர்களிடம் "எம்பொண்ணு ஊசி போடற வேலையில இருக்குது" என்று சொல்லி வைத்துவிட்டார். ஊருக்குப் போனால் காய்ச்சலுக்கு என்னிடம் மாத்திரை கேட்பார்கள்.

ஸ்டெல்லா அக்கா என்னைவிட எட்டொன்பது வயது மூத்தவர். பாராட்ட மாட்டார், திட்டவும் மாட்டார். வேலை சரியாக இருந்தால் அடுத்த வேலையைக் கொடுப்பார், அவ்வளவுதான். வருகிறவரின் தோலை முதலில் கட்டை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்திருப்பார். "இந்த எடத்துல இப்பிடி ஒருத்தி தொடுவான்னு ஒடம்புக்குத் தெரியணும்" என்பார். ஊசிப் பாக்கெட்டை வந்தவர் கண்முன்னால்தான் பிரிக்க வேண்டும். முதல் கோடு சின்னதாக இருக்க வேண்டும். "இதுதான் வலி, இதுக்கு மேல இல்ல" என்று சொல்லி நிறுத்த வேண்டும். "அசையாதீங்க" என்ற சொல் கடைக்குள் கூடாது. "அசையணும்னா சொல்லுங்க, நான் கைய எடுத்துக்கறேன்" என்றுதான் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான வழக்கம் ஒன்று இருந்தது. முதல் நாள் ஊசி கிடையாது. டிசைனின் முழு அச்சைத் தோலில் ஒட்டி, மையை மட்டும் பதியவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். குளித்தால் சில நாளில் போய்விடும் மை. அதோடு நடமாட வேண்டும், அம்மா அப்பாவிடம் காட்ட வேண்டும், காலையில் எழுந்து கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் வேண்டுமென்று திரும்பி வந்தால்தான் ஊசி. காதலியின் பெயரோடு மாடியேறிய எத்தனையோ பையன்களை அந்த வழக்கம் காப்பாற்றியிருக்கிறது. அவசரக்காரர்களுக்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை என்றுதான் நானும் நம்பினேன்.

மாதேஷ் வந்தது ஒரு மாம்பழக் காலத்தில். பாப்பாரப்பட்டியில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார், மிக்ஸி, மின்விசிறி எல்லாம் அவரிடம் போகும். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார் என்று பெயர். சொன்ன நாளில் திருப்பிக் கொடுக்கமாட்டார் என்றும் பெயர்.

பேன்ட்டைச் சுருட்டி வலது கெண்டைக்காலைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே ஒரு புலித்தலை, நல்ல வேலை. முன்னங்கால் இரண்டும் மேலே ஏறுகிற மாதிரி. இடுப்பு வரை கோடுகள். அதோடு சரி. கணுக்காலை நோக்கி வரவேண்டிய பின்பாதி வெறும் தோல்.

"ஓசூர்ல போட்டதுங்க. பாதியில டீ குடிச்சுட்டு வரேன்னு எறங்குனேன்."

"அப்பறம்?" என்று ஸ்டெல்லா அக்கா கேட்டார்.

"டீக்கடைக்குப் பக்கத்துல ஒருத்தரு தேனீப் பொட்டி வித்துட்டு இருந்தாருங்க."

அந்த டீ முடிந்து நாலைந்து வருடம் ஆகிவிட்டிருந்தது. டீக்கடையில் அவருடைய காலைப் பார்த்தாலே "முன்னாடி புலி, பின்னாடி காலி" என்பார்களாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"எம் பொஞ்சாதி அவுங்கம்மா வூட்டுக்குப் போயிட்டாங்க."

வீட்டுக்குப் பின்னால் ஒரு குளியலறை கட்ட ஆரம்பித்திருக்கிறார். நான்கு சுவரும் இடுப்பளவு எழும்பியதோடு நின்றுவிட்டன. மனைவி மஞ்சுளா இரண்டு மழைக்காலம் அதைச் சுற்றிச் சேலை கட்டிக் குளித்திருக்கிறார். கடைசியில் ஒருநாள் சிமெண்ட் வாங்கிவரப் போன மாதேஷ், இரண்டு வான்கோழியோடு திரும்பி வந்திருக்கிறார். மஞ்சுளா பையை எடுத்துக்கொண்டு அதியமான்கோட்டைக்குப் பேருந்து ஏறிவிட்டார். ஏறும்போது சொன்னது ஒன்றே ஒன்று: "உங்க வாழ்க்கையில ஏதாச்சும் ஒண்ணே ஒண்ணு முடிச்சுட்டு வாங்க. அப்பறம் பேசலாம்."

"அண்ணா, அப்ப பாத்ரூமக் கட்டி முடிங்க. புலி எதுக்கு?" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். "பாத்ரூமு நான் பாதியில போனாக்கூட கொத்தனாரு முடிச்சுருவாருங்க. முடிச்சது ஆரு, நானா? இது அப்பிடி இல்ல. எனக்குப் பதிலா ஆரும் வந்து உக்கார முடியாது. நாந்தான் உக்காந்து முடிக்கணும்."

ஸ்டெல்லா அக்கா எழுந்து வந்து அவருடைய கெண்டைக்காலைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தார். வேலையை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். என்னைப் பார்த்து, "நீ வரை" என்றார்.

பின்பாதியை வரைந்தேன். அச்சு ஒட்டினோம். கண்ணாடியில் முழுப் புலியைப் பார்த்து மாதேஷ் அப்படியே உருகிப்போனார். போட்டோ எடுத்தார், ஊருக்கெல்லாம் அனுப்பினார். நாளை வருகிறேன் என்று போனவர் அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் ஆகி வந்து நின்றபோது காலில் மை இல்லை.

"குளிச்சதுல போயிருச்சுங்க" என்றார் தலையைச் சொறிந்துகொண்டு.

புலி பழையது, அவசர முடிவு இல்லை என்பதால் இந்த முறை ஸ்டெல்லா அக்கா விட்டுக்கொடுத்தார். அச்சு ஒட்டிய அன்றே ஊசி. காலை நீட்டி உட்கார்ந்தார். விரல்கள் தாளம் போட்டன, தோள் ஆடியது, கண் சுவரெல்லாம் ஓடியது. ஊசி ஓட ஆரம்பித்ததும் எல்லாம் நின்றன. இந்த மாதிரி ஆட்களிடம் இதை நான் முன்பே கவனித்திருக்கிறேன். வரும்போது இரைச்சலாக வருவார்கள், ஊசி பட்டதும் அமைதியாகிவிடுவார்கள்.

"என்னண்ணா, வலிக்குதா?"

"வலி கெடக்குதுங்க. தலைக்குள்ள எந்நேரமும் பத்து ரேடியோ பாடிட்டு இருக்கும். இப்ப ஒரே ஸ்டேஷன்தான் பாடுது."

அது கொஞ்ச நேரம்தான். ஒரு சாண் கோடுகூட முடியவில்லை. திடீரென்று, "கைய எடுங்க" என்றார். எடுத்தேன். எழுந்து முன்னறைக்கு நொண்டிக்கொண்டே போனார். போய்ப் பார்த்தால் எங்கள் சுவர் விசிறியைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறார்.

"தண்டு சுத்தற புஷ் தேஞ்சுபோச்சுங்க. கேக்கலியா உங்களுக்கு, கீச்சுகீச்சுன்னு? வாங்கிட்டு அஞ்சே நிமிசத்துல வந்தர்றேன்."

காலில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றுவதற்குள் படியிறங்கிவிட்டார். நான் பின்னாலேயே ஓடிப்போய்த் தெருவில் வைத்துச் சுற்றி அனுப்பினேன். விசிறி பல நாள் மேசைமேல் உறுப்பு உறுப்பாகக் கிடந்தது. வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தவர்களிடம் ஸ்டெல்லா அக்கா, "மெக்கானிக் டீ குடிக்கப் போயிருக்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் மாதேஷ் புஷ்ஷோடு திரும்பி வந்து விசிறியை மாட்டினார். அது இன்றைக்கும் சத்தமில்லாமல் ஓடுகிறது. மாட்டிவிட்டு ஏணியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு ஆசை இல்லாம இல்லீங்க. அந்த முழுப் புலிய அச்சுல பாத்தனா? ஊரே பாத்து, புலி முடிஞ்சிருச்சான்னு கேட்டுச்சு. முடிஞ்சிருச்சுன்னே மனசு எடுத்துக்கிச்சு. அப்பறம் அந்தக் காலப் பாத்தா வேற ஆரு காலோ மாதிரி இருக்குது. பாத்ரூமும் அப்பிடித்தான். நாலு செவுரும் எழும்புச்சா, எங்கண்ணுக்கு பாத்ரூமு தெரிஞ்சிருச்சு. அவளுக்குத்தான் தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ திரும்பி வரமாட்டாங்க. வரவேண்டாம்னுகூடத் தோணுது. அவளுக்கு நான் எதுக்கு?"

அன்று முழுவதும் அந்தப் பேச்சு என்னை விட்டுப் போகவில்லை. எங்கள் கடையின் மிக நல்ல வழக்கம், எல்லாரையும் காப்பாற்றுகிற வழக்கம், இந்த ஒரு மனிதருக்கு எதிராக வேலை செய்கிறது. முழுப் படத்தை முன்னாலேயே காட்டினால் அவருடைய மனம் அங்கேயே சாப்பிட்டு எழுந்துவிடுகிறது. பிறகு எதற்குப் பந்தியில் உட்காரும்?

டாட்டூ வேலையின் வரிசை நிவேதாவுக்குத் தெரியும். முதலில் முழு அவுட்லைன், பிறகு நிழல், பிறகு வண்ணம். அந்த வரிசையையே மாற்றிவிடலாம் என்று ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னேன். முழு அச்சு வேண்டாம். இடம் தெரிய நாலைந்து புள்ளி மட்டும் போதும். இடுப்பிலிருந்து கீழே, நான்கு விரல் அகலம் நான்கு விரல் அகலமாக, ஒவ்வொரு துண்டையும் கோடு, நிழல், வண்ணம் என்று முழுசாக முடித்துவிட வேண்டும். அந்தத் துண்டு ஆறிய பிறகு அடுத்தது. வால் கடைசி நாள்தான். அச்சில் அவர் பார்த்த பழைய வாலை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வரைய வேண்டும், அது எப்படி வருமென்று அதுவரை அவருக்குக் காட்டவே கூடாது.

"காட்டாம குத்தறதா?" ஸ்டெல்லா அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "அவுரு ஒடம்புல என்ன வரப்போவுதுன்னு அவுருக்குத் தெரியாம ஒரு புள்ளி வெக்கமாட்டேன் நான்."

அது நியாயம். அதனால் மாதேஷிடமே கேட்டோம். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"காட்டாதீங்க. சாமி சத்தியமா காட்டாதீங்க. புது வாலு மேல தூக்கியிருக்குமா, கீழ தொங்குமா? அதத் தெரிஞ்சுக்கவாவது நான் வருவனுங்க."

"புடிக்கலேன்னா அழிக்க முடியாதுங்க" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"புலி வாலு புடிக்காம போகுமாங்க?"

ஸ்டெல்லா அக்கா குனிந்து அவர் காலில் இருந்த பாதிப் புலியைப் பார்த்தார். பிறகு, "உங்களுக்கு வேண்டியவங்க ஒருத்தராவது முழுப் படத்தையும் பாத்து சரின்னு சொல்லணும். அப்பத்தான் செய்வோம். ஆரு இருக்காங்க?" என்றார்.

மாதேஷ் சட்டைப்பைக்குள் கைவிட்டார். போனை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். மஞ்சுளா போன நாளிலிருந்து அவர் அந்த எண்ணுக்குப் பேசியதே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பேச அதுவரை அவருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கவில்லை.

மஞ்சுளா வந்தார். மெலிந்த, நேர்பார்வையான பெண். துணிக்கடையில் வேலை, சாப்பாட்டு நேரத்தில் வந்திருந்தார். கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"ஏங்க, நான் ஒண்ணு முடிக்கச் சொன்னா இவரு காலுல கோடு இழுத்துட்டு வராரு. நீங்க படிச்சவங்கதான? எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் அக்கா. அவரு சொன்ன பதில்ல நான் தோத்துட்டேன்" என்றேன். கொத்தனார் கதையைச் சொன்னேன். தனக்குப் பதிலாக யாரும் வந்து உட்கார முடியாது என்றதையும் சொன்னேன். மஞ்சுளா தோளிலிருந்த பையை இறக்கி வைத்தார்.

"படத்தக் காட்டுங்க."

மாதேஷை வெளியே அனுப்பிவிட்டுக் காட்டினேன். நான் புது வாலை மேலே தூக்கி வரைந்திருந்தேன். மஞ்சுளா அதை விரலால் மறைத்துப் பார்த்தார்.

"மேல வேண்டாங்க. கணுக்காலச் சுத்தி வரட்டும்."

"கட்டிப்போட்ட மாதிரியா அக்கா?"

"சேச்சே. பூனை நம்ம காலச் சுத்திட்டே வருமே, அந்த மாதிரி."

மாற்றி வரைந்தேன். அதுதான் சரியான வால். நானாக இருந்தால் அந்த வால் எனக்குத் தோன்றியிருக்காது.

மஞ்சுளா வெளியே வந்ததும் மாதேஷ் கேட்டது ஒன்றே ஒன்று. "மேலயா, கீழயா?"

"முடிச்சுட்டு வந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். ஆனால் உதட்டோரம் ஏதோ நெளிந்ததை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பாப்பாரப்பட்டியிலிருந்து அதியமான்கோட்டைக்குப் போன் போக ஆரம்பித்தது. மேலயா, கீழயா? மஞ்சுளா ஒருநாள் மேலே என்பார், மறுநாள் புலிக்கு வாலே இல்லை என்பார். பாப்பாரப்பட்டி டீக்கடையில் இரண்டு கட்சியே உருவாகிவிட்டதாம்.

வேலை எளிதாக நடக்கவில்லை. முதல் துண்டு அன்று மாதேஷ் மூன்று முறை எழுந்தார். கைக்கு வேலை இல்லாததுதான் கோளாறு என்று எனக்குப் பட்டது. அடுத்த முறை வரும்போது கட்டவேண்டிய மின்விசிறிக் காயில் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். ஸ்டெல்லா அக்கா முகம் சுளித்தார். பிறகு நிபந்தனை போட்டார். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், மடியில் புதுத் தாள் விரிக்க வேண்டும், வார்னிஷ் வாசனை கடைக்குள் வரக்கூடாது, கம்பித் துண்டு ஒன்றுகூடக் கீழே விழக்கூடாது. காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் காயிலை வைத்து, செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக மாதேஷ் சுற்றிக்கொண்டிருப்பார். உதடு எண்ணிக்கொண்டிருக்கும். கால் கல்லாகக் கிடக்கும். கீழே நான் புலிக்கோட்டை நிரப்புவேன். ஒரே நேரத்தில் இரண்டு பேர் வேலை செய்கிற மாதிரி இருக்கும்.

ஒரு துண்டு முடிந்ததும் கண்ணாடி பிடித்துக் காட்டுவேன். "இந்த எடம் முடிஞ்சுது. இனி இதுல வேலை இல்ல" என்று சொல்லியே காட்டுவேன். அவர் அந்த நாலு விரல் இடத்தை அவ்வளவு நேரம் பார்ப்பார்.

நடுவில் ஒருமுறை சொல்லாமல் வராமல் போனார். அடுத்த நாளே வந்துவிட்டார். கூட மஞ்சுளா. பேருந்தில் பிடித்து இழுத்து வந்த மாதிரி இருந்தது. அன்று மஞ்சுளா உள்ளேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் கம்பி சுற்றுவதையும் நான் ஊசி ஓட்டுவதையும் பார்த்தார். மஞ்சுளாவின் குரல் தாழ்ந்திருந்தது.

"இவரு இத்தன நேரம் ஒரே எடத்துல இருந்து நான் பாத்ததில்லீங்க. எங்க கல்யாணத்தன்னைக்கு, அய்யரு கெட்டிமேளம்ங்கறாரு, மாப்பிள்ளையக் காணோம். போயிப் பாத்தா மைக்செட் பொட்டியப் பிரிச்சு வெச்சிருக்காரு."

"அந்த ஆம்ப்ளிஃபயர் எரைஞ்சுச்சு மஞ்சு" என்றார் மாதேஷ், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ பாட்டு நல்லாக் கேக்கணும்னு சொல்லியிருந்த."

மஞ்சுளா ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். அவருடைய நெற்றி வியர்வையைச் சேலைத் தலைப்பால் ஒற்றினார். ஸ்டெல்லா அக்கா எழுந்து போய் விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நான் கவனம் ஓரிடத்தில் நிற்காத இந்தத் தன்மையைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததை மஞ்சுளாவிடம் சொன்னேன். எல்லா அரைகுறையும் சோம்பேறித்தனம் இல்லை, பார்க்க மருத்துவர்கள் இருக்கிறார்கள், பெரியவர்களையும் பார்ப்பார்கள் என்று. ஸ்டெல்லா அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு எச்சரித்தார். "ஊசியில தல அமைதியாவுதுன்னு அவுரு சொல்றாரு. உண்மையாவே இருக்கட்டும். ஆனா நம்ம ஊசி மருந்து இல்ல. அமைதி வேணும்னு வாரம் ஒரு டாட்டூன்னு வந்தா நீ குத்துவியா?" குத்தமாட்டேன் என்றேன். "அதையும் அவுங்ககிட்ட சொல்லு" என்றார். சொன்னேன். மஞ்சுளா அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனார். மாதேஷ் மாத்திரை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். "ரேடியோ நிக்கல, வால்யூம் கொறையுது. ஆனா மாத்திரை போட மறக்காம இருக்க ஒரு மாத்திரை இல்லீங்களே" என்றார்.

கடைசி நாள். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டிருந்தது. மிஞ்சியது வால் மட்டும். கணுக்கால் எலும்புமேல் சதை கிடையாது, அங்கே ஊசி போனால் வலி பல் வரை தெரியும். நல்ல உறுதிக்காரர்களே அந்த இடத்தில் எழுந்துவிடுவார்கள். நான் அவருடைய காலை அழுத்திப் பிடித்தேன். ஸ்டெல்லா அக்கா பிடிப்பதுபோலவே, சற்று நேரம்.

"அசையணும்னா சொல்லுங்கண்ணா."

பாதி வாலில் அவருடைய கை கம்பியை விட்டுவிட்டது. காயில் மடியிலிருந்து சரிந்தது. "கைய எடுங்க" என்றார். எடுத்தேன். எழுந்து நின்றார். கதவைப் பார்த்தார். முகம் வெளுத்து, மூச்சு ஏறி இறங்கியது. மஞ்சுளா ஸ்டூலில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை.

மாதேஷ் கதவு வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

"மஞ்சு, மேலயா கீழயா?"

"பாதி வந்திருச்சு. வந்து உக்காந்தா தெரியும்."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். கையை நீட்டினார். கம்பிக்காக என்று நினைத்து நான் காயிலைத் தேடினேன். மஞ்சுளா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மீதி வால் முடியும் வரை பிடித்திருந்தார்.

துடைத்துவிட்டுக் கண்ணாடி பிடித்தேன். புலியின் வால் கணுக்காலைச் சுற்றி வந்து, நுனி பாதத்தின்மேல் மெதுவாகச் சாய்ந்திருந்தது.

"சுத்தி வருதா!" என்றார் மாதேஷ். "டீக்கடையில ரெண்டு கட்சியும் தோத்துப்போச்சு."

"நாஞ்சொன்ன வாலு" என்றார் மஞ்சுளா.

"முடிஞ்சிருச்சுங்களா?" என்று மாதேஷ் என்னைக் கேட்டார்.

"முடிஞ்சுதுண்ணா. இனி இதுல வேலை இல்ல."

அவர் அழுதார். வலியால் அழுகிறவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். இது அந்த அழுகை இல்லை. மஞ்சுளா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். "மழைக்கு முன்னாடி பஸ்ஸப் புடிக்கலாம். வூட்டுச் சாவி எங்க?"

மாதேஷ் சட்டைப்பையைத் தட்டினார், பேன்ட் பையைத் தட்டினார், காயில் வைத்திருந்த பையைக் கொட்டினார். இல்லை. மஞ்சுளா தன் பர்ஸிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார். போனபோது கையோடு கொண்டுபோன சாவி. அத்தனை மாதமும் பர்ஸில்தான் இருந்திருக்கிறது.

இரண்டு பேரும் படியிறங்கினார்கள். ஸ்டெல்லா அக்கா மேசையைத் துடைத்தார். மறுநாள் கடைக்கு வந்த மிகச் சிக்கலான வேலையை என் முன்னால் வைத்தார்.

மணிக்கட்டு கெட்டு நான் வேலையை விட்ட பிறகு, எங்கள் மிக்ஸி புகைந்துபோனதென்று பாப்பாரப்பட்டிக்குப் போனேன். கடையும் வீடும் சேர்ந்தேதான். மஞ்சுளா என்னைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். குளியலறையின் ஒரு சுவர் முழு உயரம் எழும்பி, பூசி, வெள்ளை அடித்து, டைல்ஸ் ஒட்டி, சோப்பு வைக்கிற மாடமும் துண்டு மாட்டுகிற கம்பியும் வரை முடிந்திருந்தது. மற்ற மூன்று சுவரும் பழைய இடுப்பளவில் நின்றன. ஒரு வான்கோழி அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

"உங்க முறைதாங்க" என்றார் மாதேஷ் பின்னாலிருந்து. "நாலு வெரல் நாலு வெரலா. இந்தச் செவுத்துல இனி வேலை இல்ல."

"மூணு பக்கம் சேலை கட்டுனாப் போதும் இப்ப" என்றார் மஞ்சுளா. சலித்துக்கொள்கிற குரல்தான். ஆனால் அந்தச் சோப்பு மாடத்தில் ஒரு சின்னச் செடி வைத்திருந்தார்.

மாதேஷ் மிக்ஸியைப் பிரிக்கப் போனதும் மஞ்சுளா என் காதருகே வந்தார். "கதவு வாங்கியாச்சுங்க. எங்கம்மா வூட்டுல சாக்கு சுத்தி வெச்சிருக்கேன். என்ன கலருன்னு அவருகிட்ட சொல்லல. நாலு செவுரும் முடிஞ்சாத்தான் காட்டுவேன்."

கடையிலிருந்து மாதேஷின் குரல் வந்தது. "பச்சையா, நீலமா? உங்களுக்காச்சும் தெரியுமுங்களா?"

நிவேதா, அந்த மனிதரை எடுத்துக்கொள். அவர் கைக்கு ஏதாவது வேலை கொடு. மருத்துவரைப் பார்க்கிறாரா என்று கேட்டு வை. அவருக்கு வேண்டியவர் ஒருவரிடம் முழுப் படத்தையும் காட்டு. வாலை மட்டும் அவர் கண்ணில் காட்டாதே.

கதவின் நிறத்தை மஞ்சுளா என் காதில் சொன்னார், எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன். அன்றைக்குப் பிறகு இன்னொரு சுவரும் முடிந்து, இன்னும் இரண்டு சுவர் பாக்கி இருக்கிறது, மாதேஷ் இதைப் படித்தாலும் படிப்பார்.